180 வாங்கி 60 ஓட்டும் பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, இங்கன வா. அந்தச் சுத்துற நாக்காலியில உக்காந்துக்கிட்டுச் சுத்தாத, எனக்குத் தல கிறுகிறுங்குது. நேரா உக்காரு.

மூவாயிரத்து ஐந்நூறு ரூவா வேணும்னு உங்க அப்பன்கிட்ட மனு போட்டிருக்கியாமே? ஒரு வயருக்கு. தங்க முலாம் பூசினதாம், மேல நைலான் பின்னினதாம், 5 மீட்டர் நீளமாம், பொட்டி மேல ‘8கே கேமிங் எச்டிஎம்ஐ’ன்னு எழுதியிருக்காம். அவன் ராத்திரி எங்கிட்ட வந்து, “யப்பா, நீங்க கேபிள் தொழில் பாத்தவுகதான, வயருக்கு இம்புட்டு வெலையா?”ன்னு கேக்கான். நான் என்னத்தச் சொல்ல? எங்க காலத்துல அந்த ரூவாய்க்கு ஒரு தெருவுக்கே வயரு இழுத்துட்டு, மிச்சத்துல ஆளுக்கு ரெண்டு பரோட்டாவும் தின்னுட்டு வந்திருப்போம். வீட்டுப் பொம்பளைக கழுத்துல கவரிங் கெடக்கு, கம்ப்யூட்டருக்குப் பின்னால தங்கம் கேக்குது. கேக்கட்டும், காலம் மாறிட்டுல்லா.

ரூவா தாரேன். நானே தாரேன். அதுக்கு முன்னால ரெண்டு கேள்வி கேப்பேன், பதில் சொல்லிட்டு வாங்கிக்க.

மொதக் கேள்வி. உன் டிவி, சரி மொறைக்காத, மானிட்டரு, நொடிக்கு எத்தன தடவ படம் மாத்துது? 180ன்னு சொல்லுத. பொட்டியிலயும் அப்படித்தான் போட்டிருக்கு, நானும் கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் படிச்சேன். 27 இஞ்சு, குறுக்க 2560 புள்ளி, நெடுக்க 1440 புள்ளி, 180 ஹெர்ட்ஸ். சினிமாக் கொட்டாயில நொடிக்கு 24 படம். தூர்தர்ஷன்ல 25 படம், அதையும் பாதி பாதியாப் பிரிச்சு 50 தடவையா அனுப்புவான். அந்த அம்பதுலதான் நாங்க ராமாயணம் பாத்தோம், டிவிக்கே சூடம் காட்டின ஆச்சிகளும் உண்டு. உனக்கு 180 வேணும். ஏன்னா வலராண்ட் கேமுல எதிரி மூலையில இருந்து எட்டிப் பாக்குறது உனக்கு ஒரு இமை முந்தித் தெரியணும். நியாயந்தான். 60ல ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல 16.7 மில்லிசெகண்டு. 180ல 5.6. அந்தப் பதினோரு மில்லிசெகண்டுலதான உன் மானம் மரியாதையெல்லாம் இருக்கு.

நேத்து நீ குளிக்கப் போயிருந்தப்ப உன் மவுஸப் புடிச்சு ஸ்க்ரீன்ல ஒரு வட்டம் போட்டேன். வெரசாப் போட்டேன். அம்புக்குறி விட்டு விட்டுத் தெரியுது, வட்டம் முழுக்க ஓட்ட. எனக்குக் கண்புரை ஆப்பரேஷன் ஆனது, ஆனா இது கண்ணுக் கோளாறு இல்லன்னு தெரிஞ்சு போச்சு. வெறும் எடத்துல வலது கிளிக் பண்ணி, டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போயி, அடியில ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ன்னு கெடக்குல்லா, அதத் தொறந்தேன். ரிஃப்ரெஷ் ரேட்டுன்னு ஒரு கட்டம். அதுல என்ன போட்டிருந்துச்சு தெரியுமா?

60.

தீவாளிக்கு வாங்கினது. பொங்கலும் போயிட்டு. “செம ஸ்மூத்து மச்சான், ஒருதடவ 180ல பாத்துட்டா அப்புறம் பழசப் பாக்கவே முடியாது”ன்னு மாடியில நின்னு போன்ல பேசினியே, நான் துணி காயப்போட வந்தப்பக் கேட்டேம்லா? 60ல ஓடுனதப் பாத்து 180ன்னு சத்தியம் பண்ணின பய உலகத்துலயே நீ ஒருத்தனாத்தான் இருப்பன்னு நெனச்சேன். விசாரிச்சா, ஊருக்குப் பத்துப் பேரு இருக்கானுவளாம். விண்டோஸு பெரும்பாலும் 60லதான் கொண்டுபோயி நிறுத்தும், மேல ஏத்துறது நம்ம வேல. காசுல மூணு பங்கும் குடுத்தாச்சு, ஒரு பங்குதான் ஓட்டுற. உங்க அப்பன்கிட்ட நான் இன்னும் சொல்லல. சொல்லட்டுமா?

சரி, சொல்லல. ரெண்டாவது கேள்விக்கு வா. வயரு எங்க சொருகியிருக்கு? “பின்னால”ன்னு சொல்லாத, முன்னால யாரும் சொருகுறதில்ல.

டார்ச்சடிச்சுப் பாத்தேன். உன் கேபினெட்டுக்குப் பின்னால ரெண்டு எடத்துல எச்டிஎம்ஐ வாய் இருக்கு. மேல, யுஎஸ்பி ஓட்டைகளோட சேந்து கெடக்குறது மதர்போர்டோடது. கீழ, படுக்க வசத்துல தனியா இருக்குறது கிராபிக்ஸ் கார்டோடது. நீ மேல சொருகியிருக்க. முப்பதாயிரம் ரூவாய்க்குக் கார்டு வாங்கினியே, கம்பெனிக்காரன் தூசி போகாம மாட்டி அனுப்பின ரப்பர் மூடி அதோட வாயில இன்னும் அப்படியே இருக்குடே. வாங்கின கார்டு ஒண்ணு சும்மா உக்காந்திருக்கும், இல்லன்னா படத்த வரஞ்சு மதர்போர்டு வழியாச் சுத்தி அனுப்பிக்கிட்டிருக்கும். ரெண்டும் தண்டம்.

உனக்குப் புரியுற மாதிரிச் சொல்லுதேன். கல்யாண வீட்டுப் பந்திய நெனச்சுக்க. கார்டுதான் சமையக்கட்டு. ஸ்க்ரீன்தான் பந்தல். பந்தல்ல புள்ளிக்கு ஒரு இலை போட்டிருக்கு, 2560ஐ 1440ஆல பெருக்கினா 36,86,400 இலை. நொடிக்கு 180 பந்தி. சமையக்காரன் கெட்டிக்காரன், ஆக்கித் தள்ளுதான். பந்தல்லயும் எடம் இருக்கு. நடுவுல வாளி தூக்கிட்டு ஓடுற பயதான் வயரு. அவன் எம்புட்டு ஓடுதானோ அம்புட்டுப் பந்திதான் நடக்கும். நீ என்ன பண்ணியிருக்கன்னா, நம்ம சமையக்காரனுக்குச் சம்பளத்தக் குடுத்து வெத்தல போட உக்கார வச்சிட்டு, பக்கத்து வீட்டு அடுப்புல சோறு வாங்கி விருந்து வச்சிருக்க. வாளி தூக்குறவனும் போன தலமொற ஆளு. அந்த வயரு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்டே, நம்ம பழைய செட்டாப் பாக்ஸுல இருந்து உருவினது. நான்தான் அத ஆணியில சுருட்டி மாட்டி வச்சிருந்தேன்.

பேப்பர எடு. மொபைல்ல போடாத, கையில போடு. 36,86,400 புள்ளி, நொடிக்கு 180 தடவ. 66 கோடியே 35 லட்சத்து 52 ஆயிரம் வருதா? ஒவ்வொரு புள்ளிக்கும் சேப்பு, பச்ச, நீலம், ஒண்ணுக்கு 8 பிட்டு வீதம் 24. பெருக்கு. 1592 கோடிச் சொச்சம் பிட்டு. ஒரு நொடிக்குடே! நம்ம பஞ்சாயத்து யூனியன்ல கோடின்னு பேசினா சந்தேகப்படுற நாம, இந்த வயருக்குள்ள நொடிக்கு 1592 கோடி போறதக் கண்டுக்கிடுறதே இல்ல. கம்ப்யூட்டர்காரன் இத 15.9 கிகாபிட்டும்பான். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விடணும், அதையும் சேத்தா இன்னும் மேல போவும்.

இப்ப வாளியப் பாரு. உன் மானிட்டர்ல இருக்குறது எச்டிஎம்ஐ 2.0. 2013ல வந்தது, 18 கிகாபிட்டு தூக்கும், அதாவது 1800 கோடி. ‘1592தான வேணும், 1800 இருக்கே’ன்னு குதிக்காத. அது ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டா மாத்தித்தான் அனுப்பும், அப்பத்தான் அந்தக் கடேசியில சரியாப் படிக்க முடியும். அஞ்சுல ஒரு பங்கு வழியிலயே போயிட்டு, கைக்கு வாரது 1440 கோடி. 1592 அதுக்குள்ள எப்படிப் போவும்? 144 ஹெர்ட்ஸுக்குப் போட்டுப் பாரு, 1274 கோடி, இடைவெளியச் சேத்தாலும் நெருக்கிப் புடிச்சு உள்ள போயிரும். அதனாலதான் மானிட்டரோட வந்த காயிதத்துல பொடி எழுத்துல ‘எச்டிஎம்ஐ 144, டிஸ்ப்ளேபோர்ட் 180’ன்னு ரெண்டு நம்பரு போட்டிருக்கான். பொட்டி மேல பெரிய எழுத்துல ஒரு நம்பருதான். பொடி எழுத்தப் படிக்க நம்மள மாதிரிக் கெழவனுவதான் லாயக்கு.

அந்தச் செட்டாப் பாக்ஸு வயரு அதுக்கும் முந்தின வகையறா. 2009ல வந்த எச்டிஎம்ஐ 1.4 கணக்குக்குச் சோதிச்சது, 10.2 கிகாபிட்டு. கழிவு போக 816 கோடி. குட்டையா, நல்லா செஞ்ச வயருன்னா அதுக்கு மேலயும் தூக்கிரும், ஆனா தூக்கும்னு எவனும் எழுதிக் குடுக்கல.

டிஸ்ப்ளேபோர்ட்டு 1.4க்கு வா. 2016ல வந்தது. உள்ள நாலு தடம், தடத்துக்கு 8.1 கிகாபிட்டு, ஆக மொத்தம் 32.4. அதுலயும் அதே கழிவு உண்டு, போக 2592 கோடி மிச்சம். உன் 1592 சம்மணம் போட்டு உக்காரும். உன் கார்டுலயும் அந்த வாய் இருக்கு, ஒண்ணில்ல மூணு. மானிட்டர்லயும் ஒண்ணு இருக்கு.

நீ வாங்கணும்னு குதிச்ச 3,500 ரூவா வயரு என்ன வயரு? எச்டிஎம்ஐ. 48 கிகாபிட்டு தூக்குமாம். தூக்கட்டுமே, 18க்கு மேல வாங்காத வாயில கொண்டுபோயிச் சொருகினா 18தான். கார்டு, வயரு, ஸ்க்ரீனு மூணுல எது சின்னதோ அதுதான் கணக்கு. அந்த வயர வாங்கியிருந்தாலும் 144க்கு மேல ஒரு ஹெர்ட்ஸு ஏறியிருக்காது. தங்கம் மட்டும் பின்னால இருட்டுல மினுமினுன்னு கெடந்திருக்கும்.

சரி, டிஸ்ப்ளேபோர்ட்டு வயருக்கு எங்க போவன்னு கேக்க. கோயில்பட்டிக்கா, மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கா? பரணுக்குப் போ. மானிட்டரு வந்த பொட்டி அங்கனதான் கெடந்துச்சு. நான் ஏறல, உங்க ஆச்சி விடமாட்டா. உன் தங்கச்சிய ஏத்தி எறக்கச் சொன்னேன். தெர்மாகோல் ரெண்டையும் பிரிச்சா, ஓரத்துக் குழியில கருப்பா ஒரு வயரு, பாலிதீன் கவரு கூடப் பிரிக்காம, கம்பி முறுக்கு கூட அவுக்காம. டிஸ்ப்ளேபோர்ட்டு வயரு. கம்பெனிக்காரன் மானிட்டர் காசுலயே சேத்து வாங்கிட்டு, உள்ள வச்சுக் குடுத்திருக்கான். எல்லாக் கம்பெனியும் குடுக்குறதில்ல, உனக்குக் குடுத்திருக்கான். நீ ‘அன்பாக்ஸிங்’னு வீடியோ எடுத்தியே, அதுல ஸ்டேண்ட எடுத்துக் காட்டின, ஸ்டிக்கர எடுத்துக் காட்டின, வயர மட்டும் காட்டல. காட்டியிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்.

தங்கத்தப் பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், அதுல எனக்கு அனுபவம் உண்டு. 1993ல சன் டிவி வந்த காலத்துல நான் ஊருக்குக் கேபிள் இழுத்தவன். ஆர்ஜி6 வயரு, தெருவுக்குத் தெரு ஆம்ப்ளிஃபயரு, வீட்டுக்கு வீடு ஸ்ப்ளிட்டரு. அது அனலாகு. ஜாயிண்டு லேசாத் துரு புடிச்சாப் போதும், படத்துல கொசு பறக்கும். இன்னுங் கொஞ்சம் மோசமானா ஆளுக்குப் பக்கத்துல நெழலா இன்னொரு ஆளு நிப்பான். மோசமாகிக்கிட்டே போவும், ஆனா படம் நிக்காது. கடேசி வீட்டுக்காரன் சந்தாவும் தரமாட்டான், “கொசு பறக்குது”ன்னு சண்டைக்கும் வருவான். அந்தக் காலத்துல நல்ல வயருக்கும் கெட்ட வயருக்கும் கண்ணுலயே வித்தியாசம் தெரியும்.

உன் வயரு அந்தச் சோலியே கெடயாது. உள்ள போறது ஒண்ணு, சைபர், அவ்வளவுதான். போய்ச் சேந்தாச் சேந்ததுதான், அதுல மங்கலாச் சேந்தது பளிச்சுன்னு சேந்ததுன்னு ரகம் இல்ல. வயரு தடுமாறினா என்ன ஆகும்னா, ஸ்க்ரீன்ல அங்கங்க வெள்ளப் புள்ளி மின்னும், இல்லன்னா ரெண்டு நொடி கருப்பாப் போயித் திரும்பி வரும், இல்லன்னா ‘நோ சிக்னல்’னு ஒரேயடியாப் படுத்துரும். டிஸ்ப்ளேபோர்ட்டுல இன்னொரு வேல உண்டு. சொருகினதும் கார்டும் ஸ்க்ரீனும் மொதல்ல வயரச் சோதிச்சுப் பாத்துக்கிடும். தாங்கலன்னா வேகத்தக் கொறச்சு வச்சுக்கிட்டு கமுக்கமா இருந்துரும். அப்ப செட்டிங்ஸுல 180ங்குற வரியே காணாமப் போயிரும். அப்படிக் காணாமப் போனாத்தான் வயர சந்தேகப்படணும். கலரு வெளுத்திருக்கு, எழுத்து மங்கலா இருக்குன்னா அது மானிட்டரு செட்டிங்கு, வயரு பாவம் அதுக்குப் பொறுப்பில்ல.

தங்கம் எதுக்குன்னா, முனை கறுத்துப் போகாம இருக்க. அதுக்கு மேல அதுக்கு வேல இல்ல. ‘கலரு தூக்கலா வரும் தம்பி’ன்னு கடக்காரன் சொன்னா, கலரு அவன் மொகத்துலதான் வரும், நீ காச எண்ணி வச்சதும்.

அதுக்காக எந்தக் குப்ப வயரையும் சொருகுன்னு சொல்லல. என்னைக்காவது வாங்குறதா இருந்தா, பேரப் பாக்காத, முத்திரையப் பாரு. எச்டிஎம்ஐயில 48 கிகாபிட்டுக்குச் சோதிச்ச வயரு மேல ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ன்னு இருக்கும், பொட்டியில பளபளன்னு ஒரு லேபிளு, அதுல க்யூஆர் கோடு, எச்டிஎம்ஐகாரனோட ஆப்புல வச்சுப் பாத்தா அசலா போலியான்னு சொல்லிரும். ‘எச்டிஎம்ஐ 2.1 வயரு’ன்னு மட்டும் எழுதி, லேபிளு இல்லாம வித்தா நம்பாத. வயருக்கு அந்த நம்பரே போடக் கூடாதுன்னு அவனுவளே விதி வச்சிருக்கானுவ. டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு வெசாங்குற சங்கம் உண்டு. அவுக சோதிச்ச புது வயருல டிபி40, டிபி80ன்னு அச்சடிச்சிருக்கும், அதுல 40, 80ங்குறது கிகாபிட்டு. உனக்கு அந்த 80 எதுக்கும் ஆகாது.

மானிட்டரு பொட்டியில ‘எச்டிஎம்ஐ 2.1’னு போட்டிருந்தாலும் ஒடனே வாயப் பொளக்காத. 2.0ல இருந்ததையெல்லாம் 2.1க்குள்ளயே சேத்துட்டானுவ. அதனால 18 கிகாபிட்டு வாய வச்சுக்கிட்டும் 2.1னு எழுதிக்கிடலாம், சட்டப்படி தப்பில்ல. வக்கீலுக்குப் படிச்ச பயலுவ எழுதின விதி. எத்தன கிகாபிட்டு, 4கே 120 ஓடுமான்னு கேளு, நம்பரக் கேக்காத.

நீளம். 5 மீட்டர் எதுக்குடே? உன் கேபினெட்டு மேசைக்கு அடியில இருக்கு, மானிட்டரு மேசைக்கு மேல இருக்கு. ஒண்ணரை மீட்டர் போதும், ரெண்டு இருந்தா தாராளம். மிச்ச மூணு மீட்டரச் சுருட்டி மேசைக்குப் பின்னால தொங்கவிட்டு, எலி கூடு கட்டவா? வேகம் கூடக் கூட வயரு குட்டையா இருக்கணும், இது எங்க கேபிள் காலத்துலயும் மாறாத விதி. நாங்க ஆம்ப்ளிஃபயரு வச்சுச் சமாளிச்சோம். அசலா நீளம் வேணும்னா இப்பக் கண்ணாடி இழை வயரு இருக்கு. அதுக்கு ஒரு முனை கார்டுக்கு, ஒரு முனை ஸ்க்ரீனுக்குன்னு குறி போட்டிருக்கும், மாத்திச் சொருகினா ஓடாது. வயரு கெட்டுப் போச்சுன்னு திருப்பி அனுப்புற பயலுவள்ல பாதிப்பேரு மாத்திச் சொருகினவனாத்தான் இருப்பான்.

டிஸ்ப்ளேபோர்ட்டுல ஒரு குசும்பு உண்டு, அதையும் கேட்டுக்க. அதுல 20 முள்ளு. இருபதாவது முள்ளுல 3.3 வோல்ட்டு கரண்டு உண்டு, கன்வெர்ட்டரு மாட்டினா அதுக்குக் குடுக்க. சாதா வயருல அந்த முள்ள ரெண்டு முனைக்கும் சேக்கக் கூடாது. மட்ட வயரு செய்யுற பயலுவ சேத்துப் போடுதானுவ. அப்ப என்ன ஆகும்னா, கம்ப்யூட்டர நிறுத்தினாலும் மானிட்டர்ல இருந்து கரண்டு பின்வாசல் வழியா உள்ள வரும். ஆன் பண்ணினா எந்திரிக்காது, இல்லன்னா எந்திரிச்சுப் பாதியில நிக்கும். நீ பவர் சப்ளைய மாத்துவ, ராம மாத்துவ, கடேசியில ஜோசியனப் பாப்ப. குத்தம் ஒரு முள்ளு.

அந்த முனையில ரெண்டு பக்கமும் சின்னக் கொக்கி இருக்கு. மேல ஒரு பித்தான். கழட்டும்போது அத அமுக்கிக்கிட்டு உருவணும். எச்டிஎம்ஐய உருவுற மாதிரி சடக்குன்னு இழுத்தா வயரு வராது, கார்டோட வாய் வந்துரும். முப்பதாயிரம்.

உன் தங்கச்சி கேட்டா, “தாத்தா, என் லேப்டாப்புல சி டைப்புதான் இருக்கு, போன் சார்ஜர் வயரச் சொருகினா இந்த மானிட்டர்ல படம் வருமா?”ன்னு. பாரு, சொருகுறதுக்கு முந்திக் கேக்கா. வராதும்மான்னேன். சார்ஜரு வயருல சார்ஜு போற கம்பியும், பழைய யுஎஸ்பி 2.0 கம்பியும்தான் இருக்கும், படம் போற தடம் கெடயாது. வாய் ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு ஏமாந்துரக் கூடாது. லேப்டாப்பு ஓட்டைக்குப் பக்கத்துல ‘டி’க்குள்ள ‘பி’ மாதிரி ஒரு குறியோ, தண்டர்போல்ட்டு மின்னல் அம்போ இருக்கான்னு பாக்கணும், வயரும் படம் கடத்துற வகையா இருக்கணும். அவ போயிப் பாத்துட்டு வந்து இருக்குன்னா. அவளுக்கு நான் வயரு வாங்கிக் குடுக்கப் போறேன். பொறாமப்படாத.

எதுத்த வீட்டுப் பய பிளேஸ்டேஷன் 5 வச்சிருக்கான்லா, அவனுக்கு இந்தத் தலைவலி இல்ல. அதுல டிஸ்ப்ளேபோர்ட்டே கெடயாது, எச்டிஎம்ஐ மட்டுந்தான், பொட்டியிலயே அல்ட்ரா ஹை ஸ்பீடு வயரு குடுத்திருக்கான். 1440க்கு 2022ல அப்டேட்டு குடுத்தானுவ. ஆனா 120க்கு மேல போவாது. அவன் உன்னப் பாத்து 180 மானிட்டரு வாங்கப் போறேன்னா, வேண்டாம்னு சொல்லிரு. உன்னப் பாத்து எவனும் எதையும் வாங்காம இருக்குறது நல்லது.

உன் கூட்டாளி 4கே 144 வாங்கியிருக்கேன்னு பெரும பேசுதானே, அவனுக்கு இலை 82,94,400. கணக்குப் போட்டா 2866 கோடி, டிஸ்ப்ளேபோர்ட்டு 1.4ல கையில வார 2592ஐத் தாண்டிருது. 2018ல ஆசஸும் ஏசரும் மொத மொதல்ல 4கே 144 ஸ்க்ரீனு விட்டப்ப, 144ல ஓட்டணும்னா கலரு விவரத்துல ஒரு பங்கக் கழிச்சுத்தான் அனுப்ப முடிஞ்சுது. வாங்கினவனுக்கு எழுத்தோரம் கசிஞ்சு தெரிஞ்சுது. இப்ப டிஎஸ்சின்னு படத்த அமுக்கி அனுப்புற வித்த இருக்கு, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பழைய வயருலயே ஓடும். அது கார்டுலயும் இருக்கணும், ஸ்க்ரீன்லயும் இருக்கணும். வாளியும் வருசா வருசம் பெருசாயிட்டே போவுது, டிஸ்ப்ளேபோர்ட்டு 2.1 எண்பது கிகாபிட்டு, 2025ல அறிவிச்ச எச்டிஎம்ஐ 2.2 தொண்ணூத்தாறு. அத நம்பி நீ இப்பவே காசு சேக்க ஆரம்பிக்காத.

கன்வெர்ட்டரு மாட்டலாமான்னு கேட்டுராத, உன் வாயில வந்துரும்னு எனக்குத் தெரியும். சின்னதா, சல்லிசா விக்குற டிஸ்ப்ளேபோர்ட்டு எச்டிஎம்ஐ கன்வெர்ட்டரு ஒருவழிப் பாத. கார்டுல டிஸ்ப்ளேபோர்ட்டு, ஸ்க்ரீன்ல எச்டிஎம்ஐன்னாத்தான் ஓடும், திருப்பி மாட்டினா ஓடாது. பழைய வெள்ள டிவிஐ முனை இருக்குல்லா, நடுவுல ஆறு முள்ளு இல்லாம இருந்தா அது பாதி வயரு, 144ப் பத்திக் கனவு கூடக் காணாது. உனக்கு இது எதுவும் வேண்டாம். ரெண்டு பக்கமும் டிஸ்ப்ளேபோர்ட்டு இருக்குறப்ப நடுவுல தரகன் எதுக்கு?

எந்திரி. ஷட்டவுன் பண்ணு. அந்தச் செட்டாப் பாக்ஸு வயர உருவி எங்கிட்ட குடு, அது இருந்த ஆணியில மாட்டணும். கார்டோட ரப்பர் மூடியக் கழட்டு. புது வயரோட ரெண்டு முனையிலயும் பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், அதையும் கழட்டு. சிரிக்காத, தொப்பியோடயே அமுக்கின ஆள எனக்குத் தெரியும். ‘டக்’குன்னு கொக்கி விழுற சத்தம் கேக்குறவர அமுக்கு. ஆன் பண்ணு. மானிட்டரு மெனுவுல டிஸ்ப்ளேபோர்ட்ட எடு, அங்கேயே அடாப்டிவ் சிங்க்கையும் போட்டு விடு, கார்டு 130 படந்தான் வரஞ்சுதுன்னா ஸ்க்ரீனும் அதுக்குத் தக்கன நிக்கும், படம் நடுவுல கிழியாது. பெறவு அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அந்தக் கட்டத்துல 180.

வரிசையில 180 இல்லன்னா, கார்டுக்கு டிரைவரப் புதுசாப் போடு. அப்பவும் இல்லன்னா வயர இன்னொரு வாயில மாத்திச் சொருகிப் பாரு. எதுக்கும் மசியலன்னா வா, ரெண்டு மீட்டருக்குள்ள, ஆயிரம் ரூவாயத் தாண்டாத வயரு ஒண்ணு நான் வாங்கித் தாரேன். வந்துட்டுன்னா அதோட விட்டுராத. டிரைவர மாத்தினாலோ விண்டோஸு அப்டேட்டு ஆனாலோ சில சமயம் சொல்லாமக் கொள்ளாம 60க்கே திரும்பிப் போயிரும், அப்பப்ப அந்தக் கட்டத்தத் தொறந்து பாத்துக்க.